இடக்கைக் கிட்டார்

ஆரல்வாய்மொழியிலிருந்து நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போகும் பேருந்தில், நான் எப்போதும் ஒரே பாடகரின் பாடல்களைத்தான் கேட்பேன். வேறு வாத்தியம் இல்லாமல், கிட்டாரை மட்டும் வைத்துக்கொண்டு பாடுகிறவர். ஒரு பாட்டில், குரல் வருவதற்கு முன்பு கிட்டார் மட்டும் தனியாகப் போகும். அந்தக் கொஞ்சத்தையாவது நானே வாசித்துவிட வேண்டும் என்று, நாற்பது தாண்டிய வயதில் எனக்கு ஆசை வந்தது. கிட்டார் வாங்கினேன். சனியன் அன்றைக்குப் பிடித்தது.

நான் இடக்கைக்காரி. சாப்பிடுவதையும் எழுதுவதையும் மட்டும் சின்ன வயதிலேயே திட்டித் திட்டி வலக்கைக்கு மாற்றிவிட்டார்கள். சொல்லித்தர வந்தவர் என்னோடு வேலை பார்ப்பவளின் கணவர்; ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பவர். முதல் நாளே கிட்டாரைத் திருப்பி என் மடியில் வைத்தார்.

"இப்பிடித்தான் பிடிக்கணும் அக்கா."

"எனக்கு இந்தக் கை வராதே. இடக்கையில பழகுகேனே?"

"அதெல்லாம் வரும். எல்லாரும் இப்பிடித்தான்."

மாதக்கணக்கில் வரவில்லை. விரல் நுனியில் தோல் உரிந்ததுதான் மிச்சம். வலக்கை விளக்குமாறு மாதிரி கம்பியில் விழுந்தது. என் கணவருக்கும் பொறுமை போய்விட்டது.

"ஏட்டி, அந்த ஆளு பாட்ட போன்ல கேட்டாப் போராதா? எதுக்கு அதப் போட்டுக் கொல்லுத?"

எரிச்சலில் கடைக்குக் கொண்டுபோய், கம்பிகளை இடக்கைக்குத் தோதாக மாற்றிக் கட்டச் சொன்னேன். கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டே செய்து கொடுத்தார். அடுத்த வகுப்பில் அதைப் பார்த்த வாத்தியார் தலையில் கைவைத்துவிட்டார்.

"எல்லாம் தலகீழா கெடக்கு அக்கா. இனி நான் எப்பிடிச் சொல்லித்தர?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "பக்கத்துல இருந்தாத்தானே தலகீழு? எனக்கு எதுத்தாப்புல இருந்து வாசிங்க!"

நாற்காலியை எதிரே போட்டு வாசித்தார். கண்ணாடியைப் பார்ப்பதுபோல இருந்தது. அவர் விரல் போன பக்கமே என் விரலும் போனது. முதன்முறையாக என் கிட்டாரிலிருந்து சுத்தமாக ஒரு சத்தம் எழுந்தது.

வாத்தியார் தன் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "இத மொதல்லயே சொல்லப்பிடாதா அக்கா?"

என்னத்தைச் சொல்ல!

போன மாதம் ஒரு சாயங்காலம், அந்தப் பாட்டின் தொடக்கத்தை நிறுத்தாமல் முழுதாக வாசித்து முடித்தேன். கணவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அந்த ஆளு இன்னும் கொஞ்சம் வேகமாட்டுல்லா வாசிப்பாரு?"

கதவைச் சாத்தினேன். பிறகு, வேகமாக வாசித்துப் பார்த்தேன்.