அவளுக்கு இது எட்டாது

இந்த இங்கிலாந்துச் சிற்றூரில் நவம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில், காலை பதினொரு மணிக்கு ஒரு வேட்டுப் போடுகிறார்கள். வந்த முதல் வருடம், ஆஸ்பத்திரிப் பணி முடிந்து திரும்பும் வழியில் அந்தச் சத்தம் கேட்டதும் என் கால்கள் தாமாகவே ஓடத் தொடங்கின. சற்றுத் தூரம் ஓடிய பிறகே, கடைவீதியில் இருந்த அனைவரும் தொப்பியைக் கழற்றி அசையாமல் நிற்பதைக் கண்டேன். போரில் மாண்டவர்களுக்கான இரண்டு நிமிட மௌனம் அது. சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தில், பண்டிகை இல்லாத நாளில் பெருஞ்சத்தம் கேட்டால், பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பட்டாசுக் கம்பெனியைப் பார்த்து ஓடுவார்கள். நின்று நினைவுகூர்வதை நான் இங்கே வந்துதான் கண்டேன்.

நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் டோரத்தி அம்மையார். கடந்த உலகப் போரில் ஒரே மகனைப் பறிகொடுத்தவர். கணப்படுப்பின் மேல் அவனுடைய சீருடைப் படம் இருக்கிறது. "இருந்திருந்தால் இப்போது நாற்பது வயதாகியிருக்கும்" என்று ஒருநாள் ஆறுதலாகச் சொன்னேன். "இல்லை, அவனுக்குப் பத்தொன்பது" என்றார். என் ஆங்கிலம் போதவில்லை என்று எண்ணிக்கொண்டு, அவன் பத்தொன்பது வயதில் இறந்துவிட்டதைச் சொல் சொல்லாக நிறுத்தி விளக்கினார். இவர்கள் நாட்டில் இறந்தவர்களுக்கு வயது ஏறுவதில்லை என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

என் தங்கை பேச்சியம்மாள் போனபோது அவளுக்குப் பத்து வயது. எங்களுக்கு நிலம் இருந்தது, மழைதான் இல்லை. ஐம்பதுகளின் பின்பகுதியில், கிணறும் வற்றிப்போன ஒரு வருடம், சரவெடி பின்ன அவளை அனுப்பினார்கள். நான் மதுரையில் நர்ஸ் படிப்பில் இருந்தேன். தீபாவளி சீசன் நெருங்கிய ஒரு முற்பகலில் அவள் இருந்த கொட்டகை வெடித்துப் போயிற்று. மணமாகாமல் இறந்த பெண்ணை நம் பக்கத்தில் கன்னியாக வீட்டோடு வைத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் அவள் போன நாளில், புதுப் பாவாடை சட்டையும் வளையலும் ஓலைப் பெட்டியில் வைத்துக் கும்பிடுவோம். மூன்றாம் வருடம் துணி தைக்கக் கொடுக்க அம்மாவோடு நானும் போயிருந்தேன்.

"போன வருசத்தவிட நாலு விரக்கட நீளம் கூட வைங்க, அண்ணாச்சி."

தையல்காரர் சிரித்துவிட்டார். "கன்னிக்குப் படைக்கிறதுதான மதினி, அளவு எதுக்கு?"

"உங்க மக வளருவா, எம்மக வளரமாட்டாளோ?"

அவர் அளவு நாடாவை எடுத்தார்.

சென்ற ஆண்டு, இங்கு வந்தபின் முதன்முறையாக, அந்த நாளுக்கு ஊர் போனேன். இங்குள்ள கடையில் பத்து வயதுக்கென்று கேட்டு வாங்கிய கவுன் ஒன்று கையில் இருந்தது. அம்மா அதை விரித்துத் தன் மேல் வைத்துப் பார்த்தாள்.

"இது ஆருக்குத்தா?"

"தங்கச்சிக்கும்மா."

"அவளுக்கு இது எட்டாது. முழங்காலுக்கு மேல நிக்கும். நீ அவளப் பாத்து எம்புட்டு வருசமாச்சு, ஒனக்கு எங்க தெரியும்."

குறையாகச் சொல்லவில்லை. தூர தேசத்தில் இருப்பவளைத் தேற்றுவதுபோலச் சொன்னாள். பெட்டியில் முந்தைய ஆண்டின் தாவணி இருந்தது. அவள் வளர்ந்த கணக்குப்படி இந்த முறை சேலை எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை.

"சேலை எடுத்துட்டா கட்டிக் குடுக்கணும். அவள எங்கன அனுப்ப?" என் பக்கம் திரும்பினாள். "மூத்தவ நீ இருக்கையில அவளுக்கு எப்படிப் பேச? ஒனக்கு முடியிற வரைக்கும் அவ இங்கனயே இருக்கட்டும்."

அந்த ஆண்டும் தாவணியே வைத்தோம். எனக்கு வரன் பார்ப்பதைப் பற்றி வாரந்தவறாமல் எழுதிவந்த அம்மா, நான் இங்கு திரும்பிய பிறகு அதைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. நான் மணமாகாமல் இருக்கும்வரை அவளுக்கு ஒரு மகள் வீட்டில் இருப்பாள்.

"அங்கன ஏதாச்சும் பிள்ளைக்குக் குடு" என்று கவுனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கொடுக்க மனம் வரவில்லை. அது என் அலமாரியில், வெள்ளைச் சீருடைகளுக்கும் ஊர்ச் சேலைகளுக்கும் நடுவே தொங்குகிறது. சென்ற வாரம் டோரத்தி அம்மையார் அதைப் பார்த்துவிட்டார்.

"உன் மகளுடையதா? ஊரில் இருக்கிறாளா?"

மகளில்லை என்று தொடங்கினால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அதற்கான ஆங்கிலம் என்னிடம் இல்லை. தமிழும் இருப்பதாகத் தெரியவில்லை.

"ஊரில்தான் இருக்கிறாள். வளர்ந்துவிட்டாள்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "பிள்ளைகள் எவ்வளவு சீக்கிரம் வளர்ந்துவிடுகிறார்கள்" என்று சொல்லி, கவுனின் சிறிய கையை ஒருமுறை நீவிவிட்டு, அலமாரிக் கதவைச் சாத்தினார்.