மணிக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு

ஹார்லன் ரப்பை பஸ் ஷெட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பியதற்கு அவர்கள் சொன்ன காரணம், ஆள் மெதுவு என்பது. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ்களுக்கு பிரேக் பார்த்தவர். சக்கரத்தை மாட்டி நட்டுகளை முறுக்கிய பிறகு ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வருவார். வந்து திரும்பவும் முதல் நட்டிலிருந்து ஆரம்பிப்பார். புதிதாக வந்த மேலாளன் ஒவ்வொரு வேலைக்கும் நிமிடம் குறித்தான். "மிஸ்டர் ரப், ரெண்டாவது தடவை முறுக்குறதுக்கு நமக்கு யாரும் நேரம் குடுக்கல" என்றான். அடுத்த கோடைக்குள் ஒரு கேக் வெட்டி அனுப்பிவிட்டார்கள்.

'மெதுவு' என்ற அந்த ஒரு சொல் அவரை விடவே இல்லை. மனைவி கானி ஒரு நாள் எதேச்சையாக, "மெதுவா சாப்பிடு, சூடா இருக்கு" என்று சொல்லப்போக, தட்டை அப்படியே வைத்துவிட்டு பேஸ்மென்டுக்கு இறங்கிப் போனார்.

பென்சில்வேனியாவில் எங்கள் பள்ளத்தாக்கில் பாதி வீடுகளின் பேஸ்மென்டில், துணி துவைக்கும் மிஷினுக்குப் பக்கத்தில் தோட்டா நிரப்பும் பிரஸ் ஒன்று இருக்கும். சுடுகளத்தில் பொறுக்கி வந்த வெற்றுத் தோட்டாக் கூடுகளின் அடியில் பொறி தரும் கேப்பை மாற்றி, வெடிமருந்து போட்டு, மேலே ஈயக் குண்டை அழுத்தினால் திரும்பவும் தோட்டா. ரேடியோவில் பேஸ்பால் கேட்டபடி மணிக்கு ஐம்பது, அறுபது போடுவார்கள். அவசரம் ஒன்றுமில்லை. மனைவிமார்களுக்கும் ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரிந்திருக்கும்.

ஹார்லன் பழைய சின்ன பிரஸ்ஸை ஓரம்கட்டிவிட்டுப் பெரிதாக ஒன்றை வாங்கி மேஜையில் முடுக்கினார். அதில் ஒரு வட்டத் தட்டு. தட்டில் கூடுகள் வரிசையாக நிற்கும். கைப்பிடியை ஒரு முறை இழுத்துவிட்டுக் கட்டைவிரலால் தட்டை ஒரு பல் திருப்ப வேண்டும். ஒரு கூட்டுக்குக் கேப், அடுத்ததற்கு மருந்து, அதற்கடுத்ததற்குக் குண்டு, எல்லாம் அந்த ஒரே இழுப்பில். ஒவ்வொரு இழுப்புக்கும் முழுத் தோட்டா ஒன்று டப்பாவில் வந்து விழும். இழு, திருப்பு, இழு, திருப்பு. அடுப்படிக் கடிகாரத்தைக் கீழே கொண்டுபோய் வைத்துக்கொண்டார். முதல் மாதம் மணிக்கு இருநூறு. கிறிஸ்துமஸுக்கு நானூறு. பிப்ரவரியில், கேப் குழாய்களை முன்கூட்டியே நிரப்பி வைத்துக்கொண்டு, அறுநூற்றுப் பன்னிரண்டு. ஒரு தோட்டாவுக்கு ஆறு விநாடிக்கும் குறைவு.

அந்த மாதம் துப்பாக்கிக் கிளப்பில் சில்லி விருந்து, மிளகாயும் பீன்ஸும் போட்ட கறிக்குழம்பு. வருஷா வருஷம் விருந்து முடிந்ததும் பிரஸ்களைக் கொண்டுவந்து மேஜைகளில் பூட்டி, நூறு தோட்டாவை யார் முதலில் போடுவது என்று போட்டி வைப்பார்கள். நேரம் பார்த்தவர் டெல்மர் ஹெஸ். ஹார்லனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர், இருபத்தாறு வருஷமாகப் பள்ளி பஸ் ஓட்டுபவர். ஹார்லன் ஒன்பது நிமிடம் பதினோரு விநாடியில் முடித்தார். இரண்டாவது வந்தவர் அப்போது அறுபதைக்கூடத் தாண்டவில்லை.

"அந்த மேலாளன் பயலைக் கூட்டிட்டு வாங்கடா! மெதுவாமில்ல, மெதுவு!" என்று டெல்மர் கத்தினார்.

"சத்தம் போடாதே. சில்லி சட்டையிலெல்லாம் தெறிக்குது" என்றார் ஹார்லன். ஆனால் சிரித்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் கானி பார்த்தாளாம்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பிரஸ்ஸுக்கு மேலே, மருந்து விழுந்த கூட்டுக்குள் எட்டிப் பார்ப்பதற்காக வளைகிற கழுத்துள்ள சின்ன விளக்கு ஒன்றைக் கானி வாங்கிக் கொடுத்திருந்தாள். அது கைப்பிடியில் இடிக்கிறது என்று போட்டிக்காகக் கழற்றினார். அப்புறம் மாட்டவில்லை. அதே போல, அன்றன்று போட்ட தோட்டாக்களைத் தனித்தனி டப்பாவில் வைத்து, தேதியும் மருந்தின் அளவும் எழுதி ஒட்டுவது எங்கள் ஊர் வழக்கம். மணிக்கு அறுநூறு போடுகிறவருக்கு அதற்கு ஏது நேரம்? இரண்டு பெரிய ஊறுகாய் வாளிகளில் எல்லாவற்றையும் கொட்டி வைத்தார். ஜனவரியும் மார்ச்சும் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

பலசரக்குக் கடையில்கூடத் தோட்டா விற்கும் எங்கள் ஊரில், எந்தக் கடை அலமாரியிலும் தோட்டாவே இல்லாமல் போன வருஷம் அது. டெல்மருக்கு விரல் முட்டிகள் வீங்கிப்போய்ச் சொந்தமாக நிரப்பவும் முடியாது. ஏப்ரலில் ஹார்லன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து கேட்டார்.

"ஒரு பை குடுடா. வியாழக்கிழமை இரும்புத் தட்டு சுடுறதுக்கு."

"நான் நிரப்புனதை நீ சுடக் கூடாது. வழக்கமில்ல."

அது உண்மை. எங்கள் ஊரில் பல் துலக்கும் பிரஷ்ஷைக்கூடக் கடன் கேட்டுவிடுவார்கள், அடுத்தவர் நிரப்பிய தோட்டாவைக் கேட்க மாட்டார்கள். குடும்பத்துக்குள் என்றால் வேறு. கானியின் கட்டிலோரத்து ரிவால்வரில் இருந்த ஆறும் ஹார்லன் போட்டவைதான்.

"வழக்கத்தைத் தூக்கிக் குப்பையில போடு. நீ பிரேக் போட்ட பஸ்ல இருபத்தாறு வருஷமா ஊர்ப் புள்ளைங்களை ஏத்திட்டு மலை இறங்குறேன். இதுக்கு மட்டும் உன்னை நம்பக் கூடாதோ?"

ஹார்லன் கீழே போய், ரொட்டி வந்த பை ஒன்றில் இரண்டு கை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார்.

ஜூன் இரண்டாவது வியாழன். கிளப்பில் டெல்மர் முதல் மூன்று இரும்புத் தட்டுகளைச் சுட்டு வீழ்த்தினார். நான்காவது சத்தம் துப்பாக்கிச் சத்தமாகவே இல்லை என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். ரிவால்வரின் உருளை மூன்றாகப் பிளந்துவிட்டது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் இடது கண் தப்பியது. வலது கண்ணை இரண்டு நாள் கழித்து எடுத்துவிட்டார்கள். ஒற்றைக் கண்காரருக்குப் பள்ளி பஸ் ஓட்ட உரிமம் கிடையாது.

எப்படி நடந்திருக்கும் என்பது ஹார்லனுக்கு அந்த இடத்திலேயே தெரியும். கேப் கோணலாக நுழையும்போது பிரஸ் பாதியில் மாட்டிக்கொள்ளும். கோளாறைச் சரிசெய்துவிட்டுக் கைப்பிடியைத் திரும்ப இழுப்போம். இடையில் தட்டைத் திருப்ப மறந்தால் ஒரே கூட்டில் இரண்டு தடவை மருந்து விழும். கூடு உயரமானது. இரட்டை மருந்து விழுந்தாலும் வழியாது. எட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

"எந்த நாள் போட்டதுன்னு எழுதி வெச்சிருப்பியே?" என்று கானி கேட்டாள்.

அவர் வாளிகளைக் காட்டினார்.

ஜூலையில் டெல்மரைப் பார்க்கப் போனார். பட்டாணி சூப்பைக் கொடுத்தனுப்பியிருந்தாள் கானி. டெல்மர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, ஒலியில்லாமல் ஓடும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் கட்டு. ஹார்லன் சூப்பை மேஜையில் வைத்துவிட்டு அவருடைய வலப்பக்கம் வந்து நின்றார்.

"உக்காரு. நீ நிக்கிற பக்கம் எனக்குக் கண்ணு தெரியாது" என்றார் டெல்மர். ஹார்லன் இடப்பக்கம் போய் உட்கார்ந்தார்.

"மன்னிச்சிரு, கின்னிச்சிருன்னு ஆரம்பிக்காதே. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த மாதிரி இருந்தது ஒண்ணுதானா?"

"தெரியல."

"பின்ன? தெரிஞ்சுகிட்டு வா."

கிளப் செயலாளர் வாளிகளை ஷெரிஃப் ஆட்களிடம் ஒப்படைத்துவிடச் சொன்னார், அழித்துவிடுவார்கள். ஹார்லன் முடியாது என்றுவிட்டார். தராசில் வைத்துக் கண்டுபிடித்துவிடலாமே என்று கேட்டவர்களும் உண்டு. பல கம்பெனிக் கூடுகள் கலந்து கிடக்கும்போது ஒரு கூட்டுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள எடை வித்தியாசமே ஒரு தோட்டாவுக்குப் போடும் மருந்தை விட அதிகம். எடை எதையும் சொல்லாது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

அதற்கென்று சுத்தியல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் சாமான் உண்டு. தலைக்குள் தோட்டாவைப் பூட்டிக் கட்டையில் மூன்று தடவை அடித்தால் குண்டு கழன்று விழும். மருந்தைச் சின்னத் தட்டில் கொட்டி நிறுக்க வேண்டும். கூட்டைத் தனியே போட வேண்டும். மணிக்கு நாற்பது. வாளிகளில் இருந்தவை மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது. ஏழு மணி நேரத்துக்குள் போட்டிருக்கக்கூடியவற்றைப் பிரிக்கத் தொண்ணூற்றாறு மணி நேரம்.

நாங்கள் பக்கத்து வீடு; அந்தக் கோடை முழுவதும் எங்கள் அடுப்படி ஜன்னலைத் திறந்தால் அந்தச் சத்தம்தான். டொக், டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. டொக், டொக், டொக். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்து, தோள் தாங்கும் வரைக்கும். பாத்திரம் கழுவும்போது நானும் என்னை அறியாமல் மூன்று மூன்றாகக் கழுவிக்கொண்டிருந்தேன்.

கானி சாண்ட்விச் எடுத்துக்கொண்டு இறங்குவாள். ஒரு கடி மட்டும் குறைந்து அது மேலே திரும்பி வரும்.

"நானும் அடிக்கிறேனே ஹார்லன். ரெண்டு பேரா செஞ்சா சீக்கிரம் முடியும்."

"சீக்கிரம் முடிய வேணாம்."

"அப்ப ஒண்ணுதான்னு போய்ச் சொல்லிடு. அவனுக்கும் நிம்மதி. யாருக்குத் தெரியப்போகுது?"

"யாருக்கும் தெரியாதுங்கிறதாலதானே கானி இங்க உக்காந்திருக்கேன்."

முதல் வாளி முடிந்தது. ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலும் மருந்து அளந்தது அளந்தபடி. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவர் இரண்டாவது முறை உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டாராம். மறுநாள் வேலியோரம் என்னைப் பார்த்து, "சோளம் நல்லா வந்திருக்கு இந்த வருஷம்" என்றார். ஜூனுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். விளக்கை எடுத்துத் திரும்பவும் பிரஸ்ஸுக்கு மேலே மாட்டியிருப்பதைக் கானி பார்த்தாள்.

இரண்டாவது வாளியில் பாதிக்கும் கீழே போய்விட்டிருந்தார். ஆகஸ்ட் கடைசி. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சத்தம் நின்றது. கானி துணிக்கூடையோடு இறங்கினபோது அவர் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு தராசைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மருந்து சரியாக இரண்டு பங்கு. ஓரத்தில் ஒரு துகள்கூடச் சிந்தாமல், யாரோ அளந்து வேண்டுமென்றே போட்டது போல.

"அதைக் கொட்டிட்டு மேல வா" என்றாள் அவள்.

அவர் வரவில்லை. வாளியில் மிச்சமிருந்த அத்தனையும் பிரித்தார். இன்னும் எட்டு நாள். மூன்றாவது ஒன்று அகப்படவில்லை. கடைசியில் கானியின் ரிவால்வரில் இருப்பதைக் கேட்டார். ஜூன் மாதமே எடுத்து மிட்டாய் டின்னில் போட்டுவைத்திருந்தாள் அவள், அவரிடம் சொல்லவில்லை. டின்னை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவற்றையும் அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். ஆறும் சரியாகத்தான் இருந்தன.

இரட்டை மருந்து இருந்த அந்தக் கூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டெல்மர் வீட்டுக்குப் போனார். கானியும் கூடப் போனாள், அவர் வேண்டாம் என்று சொல்லியும். டெல்மர் வாசலில் அஞ்சல் பெட்டிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார், ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் விட்டும். ஹார்லன் கூட்டை எடுத்து நீட்டினார்.

"இன்னொண்ணு இருந்துச்சு."

டெல்மர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் தேய்த்தார்.

"ஒண்ணுன்னா கை தவறிடுச்சுன்னு வெச்சுக்கலாம்னு இருந்தேன்டா. அதைச் சொல்லத்தான் நீ வருவேன்னு ரெண்டு மாசமா பாத்துக்கிட்டு இருந்தேன்."

"தெரியும்."

"ரெண்டுன்னா அது தவறுனது இல்ல. நீ வேலை செய்யுற விதம்."

ஹார்லன் தலையாட்டினார்.

"பிரேக்? அதையும் இப்படித்தான் போட்டியா?"

ஹார்லன் கூட்டைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டார். "ஒவ்வொரு நட்டையும் ரெண்டு தடவை முறுக்குவேன், டெல்மர். காப்பி குடிச்சிட்டு வந்து ரெண்டாவது தடவை. அதுக்குத்தான் என்னை அனுப்பினாங்க. உனக்கே தெரியுமே."

"நீ சொல்லித்தான் தெரியும்" என்றார் டெல்மர். "நான் ஒரு நாளும் பாத்ததில்ல. வேணும்னு தோணவும் இல்ல." பிரஷ்ஷை டப்பாவில் முக்கினார். "எத்தனை புள்ளைங்க தெரியுமா. ஒவ்வொரு நாளும் அந்த மலை எறக்கத்துல. இப்ப படுத்தா அதுதான் வருது."

திரும்பி வரும் வழியில் கானிதான் வண்டி ஓட்டினாள். பலசரக்குக் கடையில் நிறுத்தி உள்ளே போய் வந்தாள். ஹார்லன் இறங்கவில்லை.

வீட்டில் பைகளை அடுப்படி மேடையில் வைத்துவிட்டு அவள் கைகழுவப் போனாள். அவர் சாமான்களை எடுத்து வைக்க ஆரம்பித்தார். பால், முட்டை, வெங்காயம். வெங்காயத்துக்குக் கீழே, ஒட்டுத்தாள் பிரிக்காத ஒரு சின்ன அட்டைப்பெட்டி. கம்பெனித் தோட்டா, ஐம்பது. கல்யாணமான முப்பத்தேழு வருஷத்தில் அந்த வீட்டுக்குள் வந்த முதல் கம்பெனிப் பெட்டி.

"இப்பதான் கடைக்கு வந்திருக்காம்" என்றாள் கானி, திரும்பாமலே. "தெருவுல கரடி வந்து குப்பைத் தொட்டியை உருட்டுதில்ல. அதான்."

"நல்லது" என்றார் ஹார்லன். பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தார். பாலையும் முட்டையையும் ஃபிரிட்ஜில் வைத்தார். வைத்த பிறகு, கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை.