கருவியைக் கெடுத்தது யார்?

தொண்ணூறுகளின் கடைசியில் நான் திருநெல்வேலியில் கல்லூரிப் பேராசிரியர். அலையாய் அலைந்து எங்கள் ஆய்வகத்துக்கு கண்ணை மறைத்துத் தலையில் மாட்டும் ஒரு கருவி வாங்கியிருந்தேன். அதை மாட்டிக்கொண்டு மோட்டாரைப் பார்த்தால், கருவியின் கேமரா காட்டும் படத்தின்மேலேயே, உள்ளே சுழலும் பாகங்களைக் கணினி வரைந்து காட்டும்.

ஆயுத பூசை விடுமுறை முடிந்து வந்து மாட்டினால் எல்லாம் மங்கல். கேபிளை மாற்றினேன், கணினியைக் கழற்றி மாட்டினேன். மூன்று நாள் வீண். மறுநாள் பல்கலைக்கழகத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. அன்றுதான் அம்பாசமுத்திரத்திலிருந்து திரும்பிய ஆராய்ச்சி மாணவி கல்யாணிமீது பாய்ந்தேன்.

"ஊருக்குப் போறதுக்கு முந்தி என்னத்த செஞ்சு வச்ச? இனிமே இதத் தொடக் கூடாது நீ!"

வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கருவியைத் திருப்பி முன்பக்கத்தைக் காட்டினாள்.

"சார், கேமரா மேல சந்தனம் காஞ்சு கெடக்கு. பூசையன்னைக்கு நீங்கதான பொட்டு வச்சிய?"

ஆய்வகத்தில் ஒரு கருவி விடாமல் பொட்டு வைத்தவன் நான்தான். எல்லாவற்றிலும் இருந்ததால் இது மட்டும் தனியாக என் கண்ணில் படவேயில்லை.

அவள் ஈரத் துணியால் துடைத்தாள். படம் பளிச்சென்று வந்தது.

"சரி சரி, வேலையப் பாரு" என்றேன்.

திட்டியது எல்லார் முன்னாலும். மன்னிப்பை இன்றுவரை தனியாகக்கூடக் கேட்கவில்லை.