பிந்தி வெடிக்கிற துவக்கு

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது உலகத்தில் நான் வெறுத்தது ஒரேயொரு பொருளைத்தான். அது ஒரு துவக்கு. நகரத்தின் பணக்காரப் பகுதியான லிபெர்த்தாவில் அப்பா பராமரித்து வந்த இத்தாலியக் கிழவருடைய பழைய ரைபிள்.

கிழவரைக் குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, காரில் கூட்டித்திரிவது எல்லாம் அப்பாவின் வேலை. திங்கள் தொடக்கம் சனி வரை நான் நித்திரையானபிறகுதான் அப்பா வீட்டுக்கு வருவார். ஞாயிறு எனக்கு என்று பேச்சு. கடலுக்குக் கூட்டிப்போவதாக எத்தனை தரம் வாக்குத் தந்திருப்பார்! அந்த ஞாயிறுகளைத்தான் துவக்கு தின்றுகொண்டிருந்தது.

அது கிழவரின் தகப்பனார் வைத்திருந்தது. வயதுபோன இரும்பு முழு அளவு வெடிமருந்தைத் தாங்காது என்று, மருந்தைக் குறைத்துப் போட்டுக் கிழவர் தன் கையாலேயே தோட்டா செய்வார். நோயாளிக்குக் கஞ்சி வைப்பதைப்போல. துவக்கும் கஞ்சி குடித்த ஆளாட்டமே வேலை செய்தது. விசையை இழுத்தால் 'டிக்' என்று மட்டும் கேட்கும். ஏமாந்துபோகிற நேரத்தில் 'டமார்' என்னும். ஏன் பிந்துகிறது என்று கண்டுபிடிக்கத்தான் ஞாயிறுதோறும் மலையடியில் இருந்த அவருடைய காணிக்குப் பயணம். ஒரு கிழமை உள்ளே பிடித்திருந்த பழைய எண்ணெயைத் துடைத்தார். மறு கிழமை தோட்டாவின் அடியில் பொறி தருகிற சின்ன மூடியை மாற்றினார். துவக்கு மசியவில்லை.

"அந்தாளுக்குத் துவக்கில வருத்தமோ, மண்டையில வருத்தமோ" என்று அம்மா புறுபுறுப்பாள்.

ஒரு ஞாயிறு நான் அழுது அடம்பிடித்து அவர்களோடு காரில் ஏறிவிட்டேன்.

நாங்கள் மேட்டில் நின்றோம். கீழே, காய்ந்த ஓடைக்கரையில் ஒரு தகர டப்பா இருந்தது. கிழவர் குறிபார்த்து இழுத்தார். டிக். வழக்கமாகப் பிந்துகிற நேரமும் போயிற்று, சத்தமில்லை. "இது செத்த தோட்டா" என்று சொல்லி அவர் அதை வெளியே எடுக்கத் துவக்கின் பூட்டைத் திறக்கப் போனார். வேடிக்கை பார்க்க நானும் அவரருகே ஓடினேன்.

"கிட்டப் போகாதை! படு!"

அப்பா கத்தி அன்றுதான் கேட்டேன். ஒரு கையால் என்னை நிலத்தோடு அமத்தினார், மறு கையால் கிழவரின் மணிக்கட்டைப் பிடித்தார். 'சரி, சிஞ்ஞோரே' என்பதற்குமேல் அவரோடு கதைத்தறியாத அப்பா, துவக்கின் வாய் ஓடைப் பக்கமே இருக்கட்டும், பூட்டில் கை வைக்கக்கூடாது என்று இத்தாலியனில் கட்டளை போட்டார். பிறகு தமிழில் எண்ணத் தொடங்கினார்.

முப்பது தாண்டியதும், போதும், எனக்கும் இதெல்லாம் தெரியும் என்று கிழவர் முணுமுணுத்தார். அப்பாவின் காதில் அது விழவில்லை. காய்ந்த புல் என் கன்னத்தில் குத்தியது. ஆசையாகப் போட்டுக்கொண்டுவந்த வெள்ளைச் சட்டை ஊத்தையாகிவிட்டது. மற்றவருக்கு முன்னால் அப்பா விசரனைப்போல் நடந்துகொள்கிறாரே என்று எனக்கு ஒரே வெட்கம். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு.

"இனிப் போகலாமோ அப்பா?" என்று கேட்டேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

அந்தத் தோட்டா கடைசிவரை வெடிக்கவே இல்லை. அடுத்த கிழமை கிழவர் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். தோட்டாவுக்குள் பாதி இடம் வெறுமை. பள்ளத்தைப் பார்த்துக் குறிவைத்தால் மருந்து முன்பக்கம் ஓடிவிடும், அடியில் விழுகிற பொறி அதற்கு எட்டாது. சுடமுன் துவக்கை ஒருதரம் வானத்துக்கு நிமிர்த்தி மெல்ல இறக்கினால் சரி. இந்தச் சின்ன விசயத்துக்குத்தான் இவ்வளவு பாடு!

ஞாயிறுகள் எனக்குத் திரும்பி வந்தன. அப்பா என்னைக் கடலுக்குக் கூட்டிப்போனார், பல்லரோச் சந்தையில் அவித்த உருளைக்கிழங்கு வாங்கித் தந்தார். நானோ என் மானத்தை வாங்கிவிட்டார் என்ற கோபத்தில் கனநாள் அவரோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை.

சீசா என்கிற பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டுச் சாமித்தட்டில், முருகனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெடியனின் படம் இருக்கிறது. நான் பிறக்கமுன், சண்டைக்காலத்தில் ஊரில் செல்லடியில் செத்துப்போன என் அண்ணா. சிறுவயதில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சத்தைப் போன வருசம், அப்பா செத்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி முடிந்த அன்று அம்மா சொன்னாள்.

"செல் வீட்டு முத்தத்தில விழுந்தது கேட்டது, வெடிக்கேல்லை. நாங்கள் பங்கருக்குள்ள இருந்தனாங்கள். கொப்பா நூறு மட்டும் எண்ணினவர். இனிப் போகலாமோ அப்பா எண்டு பிள்ளை கேட்டது. ஓம், போ எண்டிட்டார்."

அன்று அந்த மேட்டில் அப்பா இரண்டாந்தரமும் நூறு வரை எண்ணி முடித்தார். அவ்வளவு நேரமும் அவருடைய கை என் முதுகில் இருந்தது. அதை எப்போது எடுப்பார் என்றுதான் நான் காத்துக்கிடந்தேன்.