ப்ளக் குழியில் தேங்கிய எண்ணெய்

எட்டாவது வரை படித்தவள் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்படிதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணவர் இறந்தபின் எங்கள் பழைய கார் திணறத் தொடங்கியது. எங்கள் ஊர் மெக்கானிக் கழற்றிப் பார்த்தால் ஸ்பார்க் ப்ளக் எல்லாவற்றிலும் எண்ணெய். இன்ஜின் போய்விட்டது, விற்றுவிடலாம் என்றான் மகன். அவர் ஆசையாக ஓட்டிய கார். எனக்கு மனம் வரவில்லை. சங்கரன்கோவிலில் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினோம்.

அவர் இன்ஜினின் மேல்மூடியைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். "இன்ஜின், சீல் எல்லாம் நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆயில் ஊத்தும்போது வெளிய சிந்தி, ப்ளக் குழிக்குள்ள இறங்கியிருக்கு. தீபாவளிக்குக் காரையும் எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுனீகளோ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயில் ஊற்றுவது எப்போதும் என் கணவர்தான். கடைசி மாதங்களில், "கை நடுங்குதே, நான் ஊத்துதேன்" என்றேன். "ஒண்ணுமில்லட்டி, நீ உள்ள போ" என்று விரட்டினார். நானும் போய்விட்டேன். இவ்வளவு சிந்தும்படியா நடுங்கியது?

மெக்கானிக் துணியால் துடைத்தபோது, கொஞ்சம் விட்டுவையுங்கள் என்று வாய் வரை வந்தது. கூச்சத்தில் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் வீட்டில் யார் ஒன்றுமில்லை என்றாலும் நான் உள்ளே போவதில்லை, பக்கத்திலேயே நிற்கிறேன்.

துடைத்த மறுநாள் மகன் காரில் ராயகிரி போய்வந்தான். வண்டி திணறவில்லை.