பேனா வைத்திருப்பவரைத் தேடிய அம்மா

எழுபதுகளில் கவரைப்பேட்டையிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போய்வந்த நாட்களில், காலை பாசஞ்சரில் ஒரு கீரைக்கார அம்மாவைப் பார்ப்பேன். ஒல்லியான உடம்பு, இடுங்கிய கண்கள். கூடையை இறக்கியதும், சட்டைப் பையில் பேனா வைத்திருக்கும் ஆளாகப் பார்த்துப் பக்கத்தில் உட்காருவார். அச்சடித்த பாடத்தாளை எடுத்து நீட்டுவார்.

"நைனா, இந்தக் கணக்கு எப்டின்னு சொல்லு. பொண்ணு கேட்டுச்சு."

இளம்பிள்ளை வாதத்தால் நடக்க முடியாத மகள், வீட்டிலிருந்தே தபாலில் வரும் பாடங்களைப் படித்துவந்தாள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நாங்கள் சொல்வதை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து, சாயங்காலம் மகளிடம் ஒப்பிப்பார்.

ஒருநாள் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது எதிரில் இருந்தவர் சிரித்தார். "நடக்க முடியாத பொண்ணுக்குப் படிப்பு இன்னாத்துக்கும்மா?"

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "அது இன்னா, காலாலயா எய்தப் போவுது?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு நைனா."

மெட்ரிக் பரீட்சையன்று மகளை முதுகில் சுமந்துகொண்டு ஏறினார். நிற்கவே இடமில்லை. "எய்ந்திருங்க. பரீட்ச எய்தப் போறவ உக்காரணும்," என்றார். அந்தக் குரலில் கெஞ்சலே இல்லை. பெஞ்சு முழுவதும் எழுந்து நின்றது.

முடிவு வந்ததும் என்னைத் தேடி வந்தார். "பாஸாயிட்ச்சு நைனா." நான் வாழ்த்துச் சொல்வதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. "காலேஜு பாடமும் தபால்ல வருமா?"

வரும் என்றேன். வராது என்று சொல்லியிருந்தாலும் அவர் அதோடு விட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.