பனிவெடிப்பு என்று நான் நம்பிய ரத்தம்

என் மகள் பல் தேய்த்துத் துப்பிய நுரையில் சிவப்பு கலந்திருந்ததை ஒரு குளிர்காலம் முழுக்க நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கவனிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு சரியாகச் சாத்தாது. அவள் குனிந்து துப்புவது சமையலறையில் நின்றாலே தெரியும்.

கொடைக்கானலில் மார்கழி பிறந்துவிட்டால் எல்லோருக்கும் ஏதாவது ஒன்று வெடிக்கும். உதடு, குதிகால், விரல் மடிப்பு. ஈறும் அந்தக் கணக்குத்தான் என்று இங்கே நிறையப் பேர் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். ஒரு பள்ளிக்கூட நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவள் நான். ஈறைப் பற்றிப் படித்துப் பார்க்க அங்கே புத்தகம் இல்லாமல் போகவில்லை. படிக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"பனிவெடிப்புடி. ரெண்டு நாளைக்கு அந்தப் பக்கம் பிரஷ் படாமப் பாத்துக்க" என்றேன். உறைந்து கிடந்த தேங்காயெண்ணெயை அடுப்போரம் வைத்து உருக்கி, விரலால் தொட்டு ஈறில் தடவிவிட்டேன்.

இரண்டு நாள் இரண்டு மாதமானது. அவளும் எதிர்த்துப் பேசவில்லை. காலை ஆறு மணிக்குக் குழாய்த் தண்ணீர் வாயில் பட்டால் நெற்றி வரைக்கும் கூசும். பிரஷ்ஷை நாலு இழுப்பு இழுத்துவிட்டுக் கம்பளிக்குள் ஓடிவிட, அம்மாவே அனுமதி கொடுத்தால் பதினாறு வயதுக்காரி வேண்டாம் என்பாளா?

என் கணவர் கிளாவரைக் கிராமத்திலிருந்து காய்கறி ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டுகிறார். தை மாதக் கடைசியில் ஒருநாள் கேரட் கொண்டுவந்தார். மகள் ஒன்றை எடுத்துக் கடித்தாள். கடித்த வேகத்தில் அதைத் தட்டுக்கு அடியில் ஒளித்தாள். எடுத்துப் பார்த்தேன். கடித்த இடம் முழுக்க ரத்தம்.

"எத்தன நாளா இப்படி?"

"நீதானம்மா பனின்னு சொன்ன."

தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "பாட்டு கிளாஸ்ல பக்கத்துல நிக்கிறவ மூஞ்சியத் திருப்பிக்கிறா. வாய் நாறுதாம்."

மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் திண்டுக்கல் பக்கத்துப் பெண். என்னைவிடச் சின்னவர். மெல்லிய அளவுகோல் கம்பி ஒன்றை ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் இறக்கி, ஈறு எவ்வளவு ஆழம் விலகியிருக்கிறது என்று பார்த்து, எண்களை நர்ஸிடம் சொல்லிக்கொண்டே வந்தார். கம்பி தொட்ட இடமெல்லாம் சிவந்தது. நான் எண்ணெய் தடவிய பக்கம்தான் ரொம்ப மோசம். பிறகு எக்ஸ்ரே எடுத்தார்.

"பனிக்கு ஈறு வெடிக்காதுங்க. பல்லோரத்துல அழுக்குப் படிஞ்சு கிடக்கு, அதுலதான் ஈறு வீங்குது. ரத்தம் வர்ற எடத்தத்தான் நல்லாத் தேய்க்கணும். நீங்க அதையே விட்டுட்டீங்க."

"சரியாயிருமா டாக்டர்?"

"ஈறோட நிக்கிது. பல்லத் தாங்குற எலும்பு தேயல. இப்பப் பிடிச்சா முழுசாத் திருப்பிறலாம். கெட்டியாப் போன அழுக்க நான் கிளீன் பண்றேன். மிச்சம் உங்க வீட்டுலதான் இருக்கு." சொல்லிவிட்டு என் வாயைப் பார்த்தார். "நீங்களும் கொஞ்சம் உக்காருங்களேன்."

உட்கார்ந்தேன். என் எக்ஸ்ரேயையும் மகளுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அவளுடைய பற்களுக்கு நடுவே எலும்பு மேல்வரை நின்றது. என் கீழ்முன்பற்களில் அது பாதிக்கு இறங்கியிருந்தது. ஒரு பல் ஆடுவது எனக்கு ஏற்கெனவே தெரியும். வயது என்று நினைத்திருந்தேன்.

"இது திரும்பி வருமா?"

"எறங்குன எலும்பு தானா ஏறாது. இதுக்கு மேல எறங்காமப் பாத்துக்கலாம்."

என் மகள் அந்த இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுடைய எலும்பு என்னுடையதைப் போல ஆகக் கூடாது. அன்று அதைத் தவிர வேறு எதுவும் மனதில் இல்லை.

இருவரும் பல்லைச் சுத்தம் செய்துகொண்டு வரும் வழியில் கடைவீதியில் பாய் கடையில் ஏறி மெல்லிய பிரஷ் கேட்டேன்.

"சாஃப்டா? டீச்சரம்மா, ஸ்வெட்டர் தேய்க்கிற பிரஷ் மாதிரி இருந்தாத்தான் நம்ம ஊருக்காரங்க வாங்குறாங்க. சாஃப்ட்ட கொடுத்தா, மயிலிறகா பாய்னு கேக்குறாங்க" என்று சிரித்தார். மேல் தட்டில் துழாவி, தூசி தட்டி, இரண்டை எடுத்துத் தந்தார். நான் டீச்சர் இல்லை. பல தடவை சொல்லியும் அவர் கேட்பதில்லை.

அன்றிலிருந்து காலையில் டீக்குத் தண்ணீர் வைக்கும்போதே வாய் கொப்பளிக்கவும் ஒரு செம்பு வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தால் ஓடுவதற்குச் சாக்கு இல்லை. டாக்டர் சொன்னபடி பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல், சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். பல்லிடுக்குக்கு நூல். காலையில் ஒரு முறை, சாப்பிட்டுப் படுக்கும் முன் ஒரு முறை, இரண்டு நிமிடம். ஃபோனில் நேரம் வைத்துவிட்டு நானும் அவள் பக்கத்தில் நின்று தேய்த்தேன்.

"போலீஸ் மாதிரி நிக்காதம்மா."

"நானும் கைதிதான்டி. தேய்."

"அப்பாவையும் பிடிச்சு உள்ள போடு."

அவரையும் பிடித்தேன். "லாரிக்காரனுக்கு எதுக்கு நூலு?" என்று முனகிக்கொண்டே வந்து நின்றார்.

ஆனால் முதல் வாரத்தில் ரத்தம் குறையவில்லை. கூடியது போலவே இருந்தது. நான்காம் நாள் காலை அவள் துப்பியதில் நுரையைவிடச் சிவப்பே அதிகம். மறுபடியும் ஏதோ தப்பாகச் செய்கிறோமோ? "விடு, இன்னிக்கு அந்தப் பக்கம் வேண்டாம்" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு, வெளியே போய் டாக்டருக்கு ஃபோன் செய்தேன்.

"வீங்குன ஈறு, மொதல்ல வரத்தான் செய்யும். அழுத்தாமத் தேய்ங்க, ஆனா விட்றாதீங்க. ரெண்டு வாரத்துல குறையலைன்னா கூட்டிட்டு வாங்க."

திரும்பி வந்தபோது மகள் பிரஷ்ஷோடு காத்திருந்தாள். "விட்றவாம்மா?" என்றாள்.

"விடாத" என்றேன். குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

இரண்டாம் வாரம் நுரை வெள்ளையாக வர ஆரம்பித்தது. சில நாள் மறுபடி சிவக்கும். அன்றைக்கெல்லாம் முந்தின இரவு யார் ஏமாற்றினார்கள் என்று வீட்டில் விசாரணை நடக்கும். ஒரு தடவை ஏமாற்றியது நான்தான். பள்ளி ஆண்டுவிழா முடிந்து வந்த களைப்பில் அப்படியே படுத்துவிட்டேன். அவள் அதை இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

ஆறு வாரம் கழித்து மறுபடி டாக்டரிடம் போனோம். அந்தக் கம்பி மறுபடி ஒவ்வொரு பல்லாக இறங்கியது. நான் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டு எண்களைக் கேட்டேன். ரெண்டு, ரெண்டு, மூணு. போன தடவை நாலு, அஞ்சு என்று கேட்ட இடங்கள். ஈறு வெளிர் ரோஸ் நிறத்தில் பல்லோடு ஒட்டியிருந்தது. எனக்கும் பார்த்தார். ஆடிய பல் அப்படியேதான் ஆடுகிறது. சுற்றியிருந்த வீக்கம் வடிந்திருந்தது.

"பாப்பாவுக்கு ஒரே எடத்துலதான் ரத்தம் வருது. கடவாய்ப் பல்லுக்குப் பின்னாடி, எடது பக்கம்" என்றார் டாக்டர்.

எந்த இடம், எப்படி எட்டுவது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மகள் நர்ஸிடம் கைக்கண்ணாடியை வாங்கி, வாயை அகலத் திறந்து, விரலால் கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "எங்கன்னு காட்டுங்க டாக்டர்" என்றாள். கன்னம் இழுபட்டதில் பாதிச் சொல் வாயிலேயே நின்றது.